அவர் நம்பரை எடுத்தவள்

என் கணவர் இறந்து ஓராண்டு கடந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நான் வேலை செய்யும் கம்பெனியில், டீ பிரேக்கில் போட்டோ, மெசேஜ் போடும் ஆப்பைப் போனில் திறந்தபோது அவர் படத்துக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆன்லைனில் இருக்கிறார் என்று அர்த்தம். மஞ்சள் புடவை கட்டிய யாரோ ஒரு பெண்ணின் போட்டோவுக்கு லைக்கும் போட்டிருந்தார்.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரம்தான் வந்தது. யார் இவள் என்றுதான் முதலில் தோன்றியது.

உயிரோடு இருந்தபோது அந்த ஐடிக்குள் அவர் என்னை விட்டதே இல்லை. போனைக் கவிழ்த்துத்தான் வைப்பார். பாஸ்வேர்டு கேட்டால், "கம்பெனி ஆளுங்க அரட்டை அடிக்கிற இடம். உனக்கு இன்னாத்துக்கு அது?" என்று சிரிப்பார். ஒரகடம் போகும் வழியில் லாரி மோதியபோது அந்தப் போனும் நொறுங்கிவிட்டது. அதன்பின் நம்பருக்கு நான் ரீசார்ஜ் செய்யவில்லை. ஊரில் எல்லோரும் பார்ப்பதுபோல வெளியிலிருந்தே அவர் போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பருக்கு அடித்தேன். ரிங் போனது. ஒரு பெண் எடுத்தாள்.

"யாரும்மா நீ? இது எங்க வூட்டுக்காரர் நம்பர்."

"இல்லக்கா, இது என் நம்பரு. புதுசா சிம் வாங்குனேன்." தெற்கத்திப் பேச்சு.

"அவர் ஐடில உக்காந்துகினு இன்னா பண்ற?"

 அழுகிற குரலில் சொன்னாள். தென்காசிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போன அவர் நம்பர், புது சிம்மில் அவளுக்கு வந்திருக்கிறது. ஆப்பில் அந்த நம்பரைப் போட்டு, வந்த ஓடிபியை அடித்ததும் அவர் ஐடி திறந்துகொண்டதாம்.

"அஞ்சலி போட்டிருந்ததப் பாத்து எறந்துட்டாவன்னு தெரிஞ்சதும் வெளிய வந்துரணும்னுதான் நெனச்சேன். மஞ்சச் சீல எங்க அக்கா. அவளத் தேடிப் பாத்தேன், லைக்ல கை தெரியாம பட்டுட்டுக்கா."

நம்பினேன். ஆனாலும் வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் எனக்குத் திறக்காதது, முகம் தெரியாத ஒருத்திக்கு ஒரு ஓடிபியில் திறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் சந்தித்தோம். என் தங்கையைவிடச் சின்னவள். நான் உட்காரும் முன்பே போனை நீட்டினாள்.

"நீங்களே பாத்துக்கோங்கக்கா."

மெசேஜ்களைத் திறந்தேன். அவர் சொன்னதுபோலவே கம்பெனி அரட்டைதான். அதில் ஒருத்தி மட்டும் தினமும் இருந்தாள். கம்பெனியில் அவர் நின்ற அசெம்பிளி லைனிலேயே வேலை செய்தவள். சூப்பர்வைசரைத் திட்டியிருந்தார்கள், கேன்டீன் சாம்பாரைக் கிண்டல் செய்திருந்தார்கள். தப்பாக ஒரு வார்த்தை கிடையாது. தப்பாக இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருக்கலாம். வீட்டில் "உம்" கொட்டிய மனிதர் அவளிடம் பக்கம் பக்கமாகச் சிரித்திருக்கிறார். நடுநடுவே வாய்ஸ் மெசேஜ்கள். ஒன்றைத் தொட்டேன். பாடிக்கொண்டிருந்தார்.

அவர் பாடுவார் என்றே எனக்குத் தெரியாது.

"நீ இதக் கேட்டியா?"

"ரெண்டே ரெண்டுக்கா," என்று தலையைக் குனிந்துகொண்டாள். "நல்லா பாடுதாவ."

எனக்கு முன்னால் இவளும் கேட்டுவிட்டாள். அந்தப் போனைத் தண்டவாளத்தில் வீசலாம்போல இருந்தது. வீசவில்லை. அவளையே அந்த ஐடியில் பழைய நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடச் சொன்னேன். புதுப் பாஸ்வேர்டை நானே போட்டேன். அவள் பயந்தபடியே ஷேர் ஆட்டோ ஏறிப் போனாள்.

வீட்டுக்கு வந்து மீதியைப் படித்தேன். அவர் போன பிறகும் அந்த லைன்காரி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். 'உங்க இடத்துல புது ஆள் போட்டுட்டாங்க.' 'இன்னைக்கு மழை, பஸ் வரல.' அழுவதற்கு அவளுக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது, அதுவும் என் புருஷனிடம். கடைசியாக, பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, 'யாரு இது?' என்று கேட்டிருந்தாள்.

'அவர் சம்சாரம். இந்த ஐடிய மூடப் போறேன்,' என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'மூடுங்க அக்கா. மூடினா அவர் பாட்டுங்களும் அழிஞ்சிடும், அத மட்டும் எனக்கு விட்டு வைக்க முடியுமா?'

ஒவ்வொரு பாட்டாக என் போனில் எடுத்துக்கொண்டேன். பிறகு அவளுக்கு ஒரு வார்த்தையும் எழுதாமல் கணக்கை நீக்கச் சொல்லி அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன்.

இப்போது காலையில் சமைக்கும்போது அதில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்கிறேன். குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டுக்கு முன்னால் அவர் லேசாகச் சிரித்து, "கேளு" என்கிறார். அந்த லைன்காரியிடம்தான் சொல்கிறார். அவளும் எங்கேயாவது ஒரு பிரதி எடுத்து வைத்திருப்பாளோ என்ற நினைப்பு மட்டும் இன்றுவரை போகவில்லை.