பாடு என்றார் மூப்பர்

கஞ்சிக் கொப்பரையின் வாசனை காற்றில் ஏறினாலே எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்காது. பழவேற்காட்டுக் கோட்டையை ஒட்டி, ஒல்லாந்து தேசத்திலிருந்து வந்த உலாந்தாக்காரர்கள் நடத்திய தர்மப் பள்ளியில், ஞாயிறுதோறும் அவர்களுடைய வேதக் கோயிலின் காணிக்கைப் பையில் விழுந்த காசைக் கொண்டு, இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நொய்க் கஞ்சியும் எழுத்தும் கொடுத்தார்கள். மழை பொய்த்த அந்த வருஷத்தில் எழுத்துக்காகத்தான் போனோம் என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். ஆனாலும் மணலில் விரலால் முதன்முதலாக என் பெயரை எழுதிய அன்று, கஞ்சி ஆறுவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

அந்தப் பள்ளியில் இடம் போனால் அடுத்தது கப்பல்தான். சோறு போட முடியாத வீடுகளில் தரகர்கள் நுழைந்து, பிள்ளைகளை வாங்கி, கடல் கடந்த தேசங்களுக்கு அடிமைகளாக ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த குடிசை அஞ்சலையின் அக்கா அப்படித்தான் போனாள். பள்ளிக்குப் போகும் பிள்ளையைத் தரகன் தொடமாட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு. "கஞ்சி ஊத்துனாலும் ஊத்தாங்காட்டியும் அங்கியே குந்தினு இரு" என்று என் நைனா தினமும் சொல்லி அனுப்புவார். கஞ்சி ஊற்றியவர்களும் கப்பல் ஏற்றியவர்களும் ஒரே கோட்டை வாசலில்தான் போய்வந்தார்கள். யாரை வாழ்த்துவது, யாரை வைவது என்று இந்த வயதிலும் எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள், எங்களுக்கு வேதமும் எழுத்தும் சொல்லிக்கொடுத்த உபதேசியார் எங்களை வரிசையாக உட்காரவைத்து, அரிசி குறைந்துவிட்டது, இனிப் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் இடம் என்றார். தமிழில் சொல்லிக்கொடுத்திருந்த சங்கீதம் என்னும் வேதப் பாட்டைக் கோட்டைக் கோயிலின் பெரியவரான மூப்பர் முன்னால் பாடிக் காட்ட வேண்டும். பாடாதவர்கள் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்குப் போவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அந்த உபதேசியார் உள்ளூர்க்காரர், சிரித்தே பழகாதவர். நாங்கள் தவறினால் அவர் வேலைக்கும் உலை என்பது ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்ததில் தெரிந்தது.

மூப்பர் வந்தார். கறுப்பு அங்கி, வெயிலில் சிவந்த முகம். அவருக்குத் தெரிந்த தமிழ் நாலைந்து சொல்தான். முதல் ஆளாக என்னை எழுப்பி நிறுத்தி, "பாடு" என்றார்.

எங்கள் குப்பத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஏரியில் இன்று எந்த வீடு வலை போடலாம் என்ற முறைக்குப் பெயர் "பாடு". ஒரு வீட்டின் பாடு நாளில் இன்னொரு வீடு வலையைத் தொடாது, பஞ்சத்திலும் தொட்டதில்லை. விடிந்ததும் குடிசைக்குக் குடிசை கேட்கிற முதல் கேள்வியே இன்று யார் பாடு என்பதுதான். சங்கீதம் மொத்தமும் பயத்தில் மறந்துபோக, பழகிப்போன பதில் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"இன்னிக்கி எங்க பாடு இல்லீங்க ஐயா. அஞ்சல வூட்டுப் பாடு."

மூப்பருக்கு அதில் ஒரு பெயரும் "பாடு"ம் மட்டும் புரிந்தது. என்னை விட்டுவிட்டு, "அஞ்சல, பாடு" என்றார்.

அஞ்சலை பள்ளிக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சங்கீதத்தின் மெட்டு காதில் ஏறியிருந்தது. சொல் ஒன்றும் தெரியாது. எழுந்து நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவள் அந்த மெட்டைப் பிசகாமல் பிடித்து, அதற்குள் வலை இழுக்கும் பேச்சைப் போட்டுப் பாடினாள். வலை கனக்குது, மடி நிறையுது, கை கொடுங்க என்று போய், கடைசியில் தானாகவே ஒரு வரி சேர்த்தாள்.

"கப்பலே கப்பலே, எங்கக்காவ எறக்கு."

மூப்பர் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் உபதேசியாரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். சொல் சரியா என்றுதான் கேட்டிருப்பார். உபதேசியாரின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் வாயைத் திறக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டேன். கடைசியில் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார். மூப்பர் என்னையும் சேர்ந்து பாடச் சொன்னார். அஞ்சலையின் சொல்லைத்தான் நானும் பாடினேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் இடம் நிலைத்தது. எங்களுக்குப் பின்னால் பாடிய பலருக்கு அது வாய்க்கவில்லை. மறுநாள் அவர்கள் எழுதிப் பழகிய மணல் சும்மா கிடந்தது. உபதேசியார் அன்று கஞ்சி ஊற்றும்போது எங்கள் பக்கம் குனிந்து, "அந்தப் பாட்ட இனிமே இங்க பாடாதீங்க. கரையில பாடுங்க" என்றார். 

கோட்டைத் துரைகள் நாகப்பட்டினத்துக்குப் பெயர்ந்துவிட்டார்கள். பள்ளி இல்லை. கஞ்சிக் கொப்பரையில் இப்போது சாயக்காரர் நூல் நனைக்கிறார். உபதேசியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மெட்டு மட்டும் கரையில் தங்கிவிட்டது. இளவட்டங்கள் அதைப் பாடித்தான் வலை இழுக்கிறார்கள், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. அந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் அஞ்சலை மீன் பிரிக்கும் கையை நிறுத்திவிட்டு முகத்துவாரத்தைப் பார்க்கிறாள். அவள் அக்காவை எந்தக் கப்பலும் இன்னும் இறக்கவில்லை.