எங்கே என்று கேட்டவள்

கண்ணாத்தாளுக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. சந்தையில் மீன் விற்கும்போது வாங்குபவரின் முகத்தைப் பார்க்கமாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். அப்படிப்பட்டவளின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மிஷனெரி குடும்பம் குடிவந்தால் அவளுக்குத் தூக்கம் எப்படி வரும்?

முத்துப்பேட்டையைத் தாண்டி, வயல்கள் முடிந்து அலையாத்திக் காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த மீனவர் குடியிருப்பு. பஸ் கிடையாது. காட்டுக்குள் போனால் செல்போனுக்கு டவரும் கிடையாது. அங்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து செல்வின் போதகர் மனைவி சுகிர்தாவையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துவந்து தகரக் கொட்டகை போட்டார். விடிந்தால் ஜெபப் பாட்டு. பிறகு மொபெட்டில் குடங்களைக் கட்டிக்கொண்டு நல்ல தண்ணீருக்கு அலைச்சல். சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன்.

"காரியம் இல்லாம ஒரு குடும்பம் இந்தக் கொசுக்கடிக்கு வந்து உக்காருமா?" என்று கணவன் நீலமேகத்திடம் பொருமினாள். "மொதல்ல பாட்டு. அப்பறம் பாடம். கடைசியில உங்க தலையில தண்ணிய ஊத்திப் பேர மாத்திருவாங்க."

"நான் தெனமும் தண்ணியிலதானே கெடக்கேன்," என்று நீலமேகம் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

ஒருமுறை அவளுக்கு இருமல் வந்தபோது சுகிர்தா மருந்து கொடுத்தனுப்பினாள். கண்ணாத்தாள் அதைக் கொல்லையில் நின்ற முருங்கையின் வேரில் ஊற்றிவிட்டு இலை வாடுகிறதா என்று தினமும் பார்த்தாள். முருங்கை செழிப்பாகத்தான் நின்றது. மெதுவாக வேலை செய்கிற மருந்து போலிருக்கிறது என்று முடிவுகட்டினாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது சுகிர்தாவின் கேள்விதான். வலையோடு கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறீர்கள் என்று அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டுவிட்டால் தொழிலுக்கு ஆகாது. திரும்பி வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். பெண்டாட்டிகூடக் கேட்பதில்லை. சுகிர்தாவோ தினமும் வாசலில் நின்று, "எங்க அண்ணாச்சி போறீய?" என்று வாய்நிறையக் கேட்பாள். நீலமேகமும் மீன்பிடிக்கப் போகும் காட்டு வாய்க்காலின் பெயரைச் சொல்லிவிட்டு, வீடு திரும்பித் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அதற்குள் கடலேற்றம் இறங்கி, வாய்க்காலில் நீர் வற்றிப் படகு சேற்றில் தட்டும்.

ஒருநாள் கண்ணாத்தாள் நேரே கொட்டகைக்குப் போனாள். "எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான் வந்தியா?"

சுகிர்தா மிரண்டுபோனாள். "தெரியாம கேட்டுட்டேன்க்கா. எங்கன்னு தெரிஞ்சா அந்த எடத்தச் சொல்லி ஜெபம் பண்ணுவேன், அதுக்குத்தான். இனிமே சத்தியமா கேக்க மாட்டேன்."

சத்தியமாம்! கண்ணாத்தாள் அதையா நம்புவாள்? மறுநாளிலிருந்து வேலிக்குப் பின்னால் நின்று காவல் காத்தாள். சுகிர்தா வாயே திறக்கவில்லை, சும்மா சிரித்தாள். ஆள் இல்லாத இடத்தில், படகுத்துறையில் வைத்துக் கேட்கிறாள் என்று கண்ணாத்தாள் அடித்துச் சொன்னாள்.

ஐப்பசியில் ஒருநாள் நீலமேகம் மதியம் கடந்தும் திரும்பவில்லை. மற்ற படகுகள் எல்லாம் வந்துவிட்டன. அவர் எந்த வாய்க்காலுக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டிருந்தால் அல்லவா தெரியும்? காட்டுக்குள்ளோ வாய்க்காலுக்குள் வாய்க்காலாகப் பிரிந்துகொண்டே போகும்.

கண்ணாத்தாள் தகரக் கொட்டகைக்கு ஓடினாள். "இன்னைக்கு அவர்கிட்ட எங்கன்னு கேட்டியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. நான் திட்ட மாட்டேன். தொறையில வச்சுக் கேட்டிருப்பே. அவரும் சொல்லியிருப்பாரு. சொல்லு தாயி!"

இத்தனை நாளும் பொய்க்காரி என்று தூற்றியவள், அவள் பொய்க்காரியாக இருக்கவேண்டும் என்று அன்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

சுகிர்தா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "கேக்கலக்கா. ஒங்களுக்குக் குடுத்த வாக்குக்காவ கேக்கவே இல்ல."

கண்ணாத்தாள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஊர்ப் படகுகள் எல்லாம் காட்டுக்குள் நுழைந்தன. நீச்சல் தெரியாத செல்வினும் ஒன்றில் ஏறிக்கொண்டு நீலமேகத்தின் பெயரைக் கூவியபடி போனார். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆளைக் கண்டுபிடித்தார்கள். திருக்கை மீனின் வால் முள் காலில் ஏறி, நடக்க முடியாமல், சேற்றில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்.

ஆம்புலன்ஸ் வரும்வரை, முள்ளின் விஷ வலி தணிய, சுகிர்தா அவர் காலைப் பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி வெந்நீரில் வைத்தாள். கண்ணாத்தாள் வாளிக்குள் விரல் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன கலந்திருக்கே?"

"உப்புகூடப் போடலக்கா."

கால் ஆறி நீலமேகம் மறுபடி வலையைத் தோளில் போட்ட காலையில், சுகிர்தா தன் வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் தாண்டியபோது பின்னாலிருந்து ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் வந்தது.

"ஏங்க! எங்க போறீங்க?"

கேட்டவள் கண்ணாத்தாள். நீலமேகம் திகைத்துப்போய்த் திரும்பிவந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் குடித்துவிட்டு வாய்க்காலின் பெயரை உரக்கச் சொன்னார்.

அவள் வேலிக்கு மேலாகச் சுகிர்தாவைப் பார்த்தாள். "காதுல விழுந்துச்சா? போயி ஜெபம் பண்ணு. அந்த வாய்க்காலச் சொல்றியா, வேற எதையாச்சும் சொல்றியான்னு நான் பக்கத்துல வந்து உக்காந்து கேப்பேன்."