தென்னூர் மாடியிலிருந்து ஒரு கேள்வி

திருச்சி தென்னூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலிருந்த அந்த அறையை இப்போது யாரோ டியூஷன் சென்டர் ஆக்கிவிட்டார்கள். பஸ் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் கண் தானாக மாடிக்குப் போய்விடுகிறது.

இணையத்தை யார், எப்படி நடத்துவது என்று பேச ஆண்டுதோறும் ஏதாவதொரு நாட்டில் ஓர் உலக மன்றம் கூடும். நேரில் போக முடியாதவர்கள் சொந்த ஊரிலேயே கூடி, இணையம் வழியாகக் கலந்துகொள்ளலாம். அப்போது நான் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து அந்த அறையைப் பிடித்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து லேப்டாப்பையும் அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றையும் நான் கொண்டுபோனேன். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டருக்கு வேட்டிதான் திரை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவர எல்லோரும் மறந்திருந்தோம். பக்கத்து அறையில் தையல் கடை வைத்திருந்த அக்காவிடம் கேட்டேன். கொடுத்துவிட்டு அவரும் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கணவர் வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பேசறாங்க?"

"கவர்மெண்ட் ஆளுங்க, கம்பெனிக்காரங்க, நம்மள மாதிரி ஜனங்க, எல்லாரும் ஒரே ரூம்ல உக்காந்து இன்டர்நெட்டைப் பத்திப் பேசறாங்கக்கா. யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாம்."

"அப்ப நான் ஒண்ணு கேக்கறேன், எழுது. எங்க வீட்டுக்காரரு இருக்கற நாட்டுல வீடியோ காலைத் தடுத்து வச்சிருக்காங்க. புள்ள மொகத்தை அவரு பாக்கக் கூடாதுன்னு யாரு முடிவு பண்ணாங்க?"

ஆங்கிலத்தில் தட்டி அனுப்பினேன். சற்று நேரத்தில், "திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒரு கேள்வி" என்று அங்கிருந்த நெறியாளர் தடுமாறித் தடுமாறி ஊர்ப் பெயரைச் சொன்னார். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பதில்தான் சப்பென்றிருந்தது. இது கலந்து பேசும் இடம், முடிவெடுக்கும் அதிகாரம் இங்கே இல்லை என்றார்கள்.

"முடிவெடுக்க மாட்டாங்களாம், அப்புறம் எதுக்கு இவ்வளவு பேரு?" என்று கோபமாக எழுந்து போனார். ஆனால் அடுத்த ஆண்டு, தன் கடைக்கு வரும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு அவர்தான் முதலில் வந்து உட்கார்ந்தார்.

பிறகு ஆளுக்கொரு திசையில் போனோம். அறையை விட்டுவிட்டோம். அக்காவின் கணவரும் ஊர் திரும்பிவிட்டார்.

போன வருஷம் அக்கா போன் செய்தார். ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் போட, மனிதருக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவுக் குரலை வைத்திருக்கிறார்கள். அது செய்தி வாசிப்பதுபோல் பேசுகிறது. அக்கா பேசுவது அதற்குப் புரியவில்லை. நாலு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிவிட்டு லைனைத் துண்டித்துவிட்டதாம்.

"இதை யாருகிட்டம்மா கேக்கறது? நம்ம மீட்டிங் இன்னும் நடக்குதா?"

தேடிப் பார்த்தேன். செயற்கை நுண்ணறிவுக்கென்றே புதிதாக உலகக் கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. நான் பார்த்தவற்றில் அமைச்சர்களும் கம்பெனித் தலைவர்களும்தான் பேசினார்கள். அழைப்பு இல்லாதவர்கள் வேடிக்கை பார்க்கலாம், கேட்க முடியாது. பழைய மன்றமோ இன்னும் கூடிக்கொண்டிருந்தது. செயற்கை நுண்ணறிவு பற்றியும் அங்கே ஓர் அமர்வு இருந்தது. பேச அனுமதி கேட்டு எழுதிப் போட்டேன், இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள்.

இந்தத் தடவை அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். அக்காவே தமிழில் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். உடனே ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெண், தங்கள் ஊர்ப் பேச்சுக்கும் இதே கதிதான் என்றார். பிறகு, "நாங்கள் இங்கே பேசுவது அந்தப் புதிய கூட்டங்களுக்குப் போய்ச் சேருமா?" என்றும் கேட்டார். அறிக்கையில் சேர்த்து அனுப்புவோம், படிப்பார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார் அமர்வின் தலைவர்.

நான் மொழிபெயர்த்ததும் அக்கா சிரித்துவிட்டார். "இத்தன வருஷமாகியும் இவங்க மாறலையே!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அதிகாரமில்லாத மன்றம் என்று அன்று நாங்கள் அலுத்துக்கொண்ட இடத்தில், யாருடைய சிபாரிசும் இல்லாமல் ஒரு தையற்காரி கேள்வி கேட்க முடிந்திருக்கிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

சில மாதங்களில் அறிக்கை வந்தது. அதில், இயந்திரத்துக்குப் பேச்சுவழக்கு புரியாத இடத்தில் மனிதரோடு பேச வழி இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி. அச்செடுத்துப் போய் அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் குரல்தான் இன்னும் போனை எடுக்கிறது. அக்கா காலையிலேயே பஸ் ஏறி, நேரில் போய் டோக்கன் வாங்கிக்கொள்கிறார்.