காதில் போய் நின்ற போகஸ்

ஆயர் தாவாரில் அக்காவின் பேரனுக்குக் காது குத்தினார்கள். படம் எடுத்தது நான்தான். மறுநாள் ஈப்போ வீட்டில் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிள்ளையின் காது அவ்வளவு தெளிவு. தோட்டின் வளைவு, அதில் ஒட்டிய சந்தனம், பின்னால் இருந்த பூனைமுடிவரை எண்ணலாம். கண்கள் மட்டும் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் இருந்தன. ஒரு படம் அப்படி இருந்தால் கை ஆடிவிட்டது என்று விட்டுவிடலாம். அக்கா, அத்தான், மடியில் வைத்திருந்த தாய்மாமன் என்று எல்லாருக்கும் காதுதான் தெளிவாக விழுந்திருந்தது.

சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள்.

"படம் பார்த்தேன்டி. காதெல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு."

"காதுகுத்துதானேக்கா" என்று சமாளித்தேன்.

"அது சரி. அடுத்த மாசம் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம். அதுக்கு மூஞ்சி வேணும்லா."

அவள் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காரணம், அக்காவின் முதல் கல்யாணத்துக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அத்தான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்துக் கோயிலில் நடந்த கல்யாணம் அது. படம் எடுக்க வந்தவர் பிலிமைச் சுற்றி முடிக்காமலேயே கேமராவின் முதுகைத் திறந்துவிட்டார். வெளிச்சம் ஏறி எல்லாம் போயிற்று. ஒரு வாரம் கழித்து அதே கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோவில் எடுத்த படம்தான் வீட்டில் மாட்டியிருக்கிறது. அதில் இரண்டு பேரும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல் நிற்பார்கள். இந்தத் தடவை வெளி ஆள் வேண்டாம், தங்கச்சி எடுக்கட்டும் என்று அக்காவே சொல்லியிருந்தாள்.

நான் ஈப்போவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கேமரா வார இறுதிப் பைத்தியம். முகங்களை எடுப்பதற்கென்றே லகாட்டில் ஒருவரிடம் பழைய லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தேன். அதன் துளையை முழுக்கத் திறந்து எடுத்தால் தெளிவாக விழும் இடம் விரல் அகலம்தான் இருக்கும். கண்ணில் விழ வேண்டியது கொஞ்சம் பின்னால் போனால் காதுதான்.

என் கேமரா உள்ளே கண்ணாடி வைத்த பழைய ரகம். அதில் தூரத்தைக் கணிக்கும் பகுதி ஓரிடத்தில், படம் விழும் பகுதி வேறிடத்தில். இரண்டுக்கும் நடுவே மயிரிழை பிசகினாலும், "கண்ணில் நிறுத்திவிட்டேன்" என்று கேமரா பீப் அடிக்கும். படம் வேறு கதை சொல்லும். நல்ல வேளையாக, ஒவ்வொரு லென்ஸுக்கும் அந்தப் பிசகைச் சரிசெய்ய ஓர் எண் வைத்துக்கொள்ள மெனுவில் இடம் இருந்தது. இத்தனை வருடம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கடையில் சும்மா கிடந்த பழைய கண் பரிசோதனை அட்டையை முதலாளி தவுக்கேயிடம் கேட்டு வாங்கி வந்தேன். வெள்ளையில் கறுப்பு எழுத்து. கேமராவுக்குப் பிடிக்க நன்றாக இருக்கும். அதைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தி, பக்கத்தில் நீளமான இரும்பு ஸ்கேல் ஒன்றைச் சாய்வாக வைத்தேன். அட்டையில் போகஸ் செய்து எடுத்தால், ஸ்கேலில் எந்தக் கோடு தெளிவாக இருக்கிறதோ அங்கேதான் போகஸ் உண்மையில் விழுந்திருக்கிறது. கேமராவை நாலைந்து புத்தகத்தின் மேல் வைத்தேன். என் வீட்டுக்காரர் அட்டை சாயாமல் பிடித்துக்கொண்டார்.

எண்ணைக் கூட்டினேன். இன்னும் மோசமானது. அட்டைக்குப் பின்னால் மாட்டியிருந்த காலண்டர் பளிச்சென்று தெரிந்தது.

"இப்ப காதும் போச்சுலா" என்றார் அவர்.

கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. குறைத்தால், ஒரு தடவை சரியாக வந்தது அடுத்த தடவை வரவில்லை. அவருக்குத் தும்மல் வேறு. புத்தகங்கள் சரிந்தன. அன்றைக்கு எண்ணெல்லாம் குழம்பிப் போய், வெளியே போய் மீ கோரேங் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த ஞாயிறு ஒழுங்காகச் செய்தேன். கார் நிறுத்துமிடத்தில் நல்ல பகல் வெளிச்சம். முக்காலியைப் போட்டேன். அட்டையைச் சுவரில் ஒட்டி, நடுவில் சின்ன முகக்கண்ணாடி ஒன்றை வைத்துக் கேமரா வழியாகப் பார்த்தேன். லென்ஸின் சொந்த உருவம் கண்ணாடியின் நடுவில் தெரிந்தால் இரண்டும் நேருக்கு நேர் இருக்கின்றன என்று அர்த்தம். அப்புறம் கண்ணாடியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் முன் போகஸ் வளையத்தை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, கேமராவையே புதிதாகத் தேடவைத்தேன். ஒரே எண்ணில் பல படம் எடுத்துப் பார்த்துத்தான் அடுத்த எண்ணுக்குப் போனேன். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கணினியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது தெளிவா, முன்னாடி உள்ளதா?"

"முன்னாடி உள்ளது."

"இப்ப?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கு."

கடையில் கண் காட்ட வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் சொல்வது இதுதான். அங்கேதான் நிறுத்தவும் வேண்டும். கழித்தல் பதினொன்றில் நிறுத்தினேன். உடனே அவரை அட்டை இருந்த இடத்தில் உட்காரவைத்து முகத்தை எடுத்தேன். போகஸ் கண்ணில் இல்லை, மூக்குக்கண்ணாடியின் சட்டத்தில் இருந்தது. கழற்றச் சொல்லி எடுத்தேன். இமைமுடி ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். விளக்கு மஞ்சளாக இருந்தால் போகஸ் கொஞ்சம் நகரும் என்று படித்திருந்தேன். அறுபதாம் கல்யாணமும் அதே தோட்டத்துக் கோயிலில்தான். அந்த மண்டபத்தில் என்ன வெளிச்சமோ? கல்யாணத்துக்கு முந்தின நாளே அட்டையையும் முக்காலியையும் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். அந்தத் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, சுற்றிலும் செம்பனை. கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு இருக்கிறது. உள்ளே நாலைந்து பெண்கள் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தூணில் அட்டையை மாட்டி, முக்காலியை விரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா பூக்கூடையை வைத்துவிட்டு வந்து அட்டைக்கு முன்னால் நின்றார். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டார்.

"கண் டெஸ்ட் பண்றாங்கன்னு சொன்னாங்க" என்றார்.

"இல்லம்மா, இது கேமராவுக்கு..."

"எனக்கு மூணாவது வரி தெரியலை."

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சரியான தூரத்துக்கு அவரைப் பின்னால் போகச் சொன்னேன். அப்போதும் தெரியவில்லை. இடது கண்ணில் புரை இருப்பதுபோல் பட்டது. தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். அவருக்குப் பின்னால் அதற்குள் வரிசை நின்றுவிட்டது. பூக் கட்டியவர்கள், சமையலுக்கு வந்தவர், கடைசியில் அர்ச்சகர். அத்தானும் வந்து நின்றார்.

"எனக்கும் பாரு. நாளைக்குத் தாலி கட்டணும், கழுத்து தெரியணும்ல."

ஒருவழியாக எல்லாரும் போனபின், மண்டப விளக்கில் கேமராவைச் சோதித்தேன். போகஸ் கொஞ்சம் நகரத்தான் செய்தது. எண்ணைக் கழித்தல் ஒன்பதுக்கு மாற்றினேன்.

மறுநாள் காலை நாதஸ்வரம் உச்சிக்குப் போனபோது நான் அக்காவுக்கு நேர் எதிரே மண்டியிட்டிருந்தேன். அத்தான் குனிந்து முடிச்சுப் போட்டார். மூன்றாவது முடிச்சு வழுக்கிக்கொண்டே இருந்தது. அப்போது அவர் அக்காவின் காதருகே என்னவோ சொன்னார். அக்கா கண்ணை மூடாமல், வாயைப் பொத்தாமல் சிரித்தாள். நான் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

சாப்பாட்டுப் பந்திக்கு முன்னாலேயே கேமராத் திரையில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி அக்காவுக்குக் காட்டினேன். அக்காவின் இரண்டு கண்ணும் முழுத் தெளிவு. கண்ணோரத்தில் தேங்கிய நீர்கூடத் தெரிந்தது. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பேரனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அத்தான் என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு என்ன சொன்னாரோ அதேதான்."

"அன்னிக்கு என்ன சொன்னாரு?"

"போடி" என்றாள். கேமராவை என் கையில் திணித்துவிட்டு, யாருக்கோ இலையில் பாயசம் வைக்கவில்லை என்று பந்தியைப் பார்த்து நடந்துவிட்டாள்.