என் மணலில் விரித்த பச்சைப் பாய்

சுனாமி வந்துபோன பிறகு இரண்டாவது கோடை அது. எங்கள் குருசுக்குப்பமே சிரித்துக்கொண்டிருந்தது. நான் ஒருத்திதான் சிரிக்கவில்லை.

கடலில் நீந்தி, கரையேறி சைக்கிள் மிதித்து, அதையும் போட்டுவிட்டு ஓட வேண்டும். மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற அந்தப் பந்தயத்துக்கு ட்ரையத்லான் என்று பேர். இது அதில் குட்டியாம். கோடையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை வைத்து, நான்கிலும் எடுத்த புள்ளியைக் கூட்டிப் பரிசு கொடுப்பார்களாம். எங்களிடமிருந்து அத்தனை பேரைக் கொண்டுபோன கடலில், வயிற்றுப்பாட்டுக்கு இல்லாமல் விளையாட்டுக்கு இறங்குகிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடத்தியவர் முத்தியால்பேட்டையில் மாடிவீடு கட்டியிருந்த ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நல்ல மாதிரியாகத்தான் பேசுவார். அதுவே எனக்கு ஆகவில்லை.

கடல் கரையைத் தின்றதும் அரசாங்கம் கல்லைக் கொட்டியது. கல்லுக்கு நடுவே ஆள் கால்வைக்கிற மாதிரி மணல் மிஞ்சியது ஒரே இடம். நான் கருவாடு காயப்போடுகிற இடம். நீந்துகிறவர்கள் கரையேறவும் அதுதான் வேண்டுமாம். பெரிய போட்டுகள் கட்டிக் கிடக்கிற மீன்பிடித் தடைக்காலத்தில்தான் கருவாடு நன்றாகப் போகும். மகன் பக்கத்து வீட்டில்தான் இருந்தான். இருந்தாலும் அவன் கையை எதிர்பார்க்காமல் நான் தனியாகப் பொங்கித் தின்றது அந்த மணலை வைத்துத்தான்.

மகனே அவர்கள் பக்கம். நிவாரணத்தில் வந்த அவன் ஃபைபர் படகைக் காவலுக்குக் கேட்டார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டையும் விசிலும் கொடுத்து, மூச்சு வாங்குகிறவர்களைப் படகில் தூக்கிப்போட வேண்டியது உன் வேலை என்றார்கள். சைக்கிள் வைத்திருந்த பெரிய வீட்டுப் பிள்ளைகளெல்லாம் அவனை சார் என்று கூப்பிட்டார்களாம். வாரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மருமகள் அந்தச் சட்டையைத் துவைத்துத் தனிக் கொடியில் போட்டாள், மீன் வாடை படக் கூடாதென்று.

முதல் ஞாயிறு, அவர்கள் சொன்னதும் மீனை அள்ளிக்கொண்டு ஒதுங்கினேன். முந்தின நாள் உப்பில் போட்ட மீனுக்கு மறுநாள் வெயில் படாவிட்டால் புழு வைத்துவிடும். வைத்தது. கூடையோடு கடலில் கொட்டினேன். இரண்டாவது ஞாயிறு ரோட்டோரம் பரப்பினேன். சைக்கிள் வருகிற வழி என்று போலீஸ்காரர் காலால் தள்ளினார். காய்கிற மீனை எங்கள் குப்பத்தில் யாரும் தாண்ட மாட்டார்கள். குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவனும் சுற்றித்தான் போவான். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒருத்தரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைதட்டுவதற்குத்தான் அவர்களுக்குக் கை இருந்தது.

மூன்றாவது பந்தயத்துக்கு முந்தின சாயந்திரம், வெறுங்காலோடு ஓடி வருகிறவர்களுக்குக் கல் குத்தாமல் இருக்க அந்த மணல் முழுக்கப் பச்சையாக ஒரு பாயை விரித்துவிட்டுப் போனார்கள். கல்யாண மண்டபத்தில் போடுகிற மாதிரி கெட்டிப் பாய். எங்கள் குப்பத்தில் அப்படி ஒன்றை விரித்துவிட்டுக் காவல் இல்லாமல் போகலாமா?

விடிவதற்குள் இரண்டு கூடை காரப்பொடி மீனை அதன்மேல் பரப்பி முடித்துவிட்டேன். சின்ன மீன், உடம்பெல்லாம் முள்.

சொல்தா வந்து பார்த்தார். அவர் பின்னால் படகுக்குப் போக வேண்டிய மகன், ஆரஞ்சுச் சட்டையில்.

"இன்னா ஆயா இது? இப்ப ஆளுங்க ஏறி வருவாங்களே" என்றார் அவர்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். "பாயி நீங்க போட்டது. மீனு நான் போட்டது. காயட்டும், அள்ளிக்கறேன்."

"யம்மா, என் மானத்த வாங்காத. எடு" என்றான் மகன்.

"நீ எடுடா. சட்டையில வாட படும்."

அவன் குனியவில்லை. சொல்தாவின் ஆட்களும் தொடவில்லை. நீந்தி வந்தவர்கள் முள்ளுக்குப் பயந்து வழுக்குகிற கல்லில் தவழ்ந்து ஏறினார்கள். ஒருவருக்கு முழங்கால் கிழிந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாவம் என்று தோன்றவில்லை.

நான்காவது பந்தயத்தை வடக்கே கனகசெட்டிக்குளம் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். படகும் அந்த ஊர்ப் படகு. மகனிடம் சட்டையையும் விசிலையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மழைக்காலம் முடிகிறவரை அவன் என்னோடு பேசவில்லை. இன்றைக்கும் அவன் வீட்டுக் குழம்பில் என் கருவாடு விழுவதில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

நாறிப்போனதென்று பாயை அவர்கள் கேட்டு வரவில்லை. நல்ல பாய். மீனில் மணல் ஒட்டுவதில்லை.