எண்ணெய் குடித்த டிராக்டர்

எங்கள் பெரியப்பா வாழ்க்கையில் செய்த நல்ல காரியங்கள் பல. அவற்றில் பெரியது எது என்று கேட்டால் நான் கோயில் திருப்பணியைச் சொல்ல மாட்டேன், டிராக்டர் சங்கதியைத்தான் சொல்வேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. சேலத்தில் ஏலத்துக்கு வந்த ஒரு பழைய டிராக்டரைப் பெரியப்பா எடுத்துவந்தார். ஆட்டையாம்பட்டிக்குத் தெற்கே எங்கள் உழவுக் காட்டில் அது வந்து நின்றபோது சுற்றுவட்டாரமே வேடிக்கை பார்க்க வந்தது. ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தலைமுறையாக எங்கள் பண்ணையத்தில் வேலை செய்த குடும்பத்திலிருந்து ஒருவர் பட்டாளத்துக்குப் போய், லாரி ஓட்டவும் எஞ்சினைப் பிரித்து மாட்டவும் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தார். அவரை எல்லாரும் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். அவருடைய அப்பா ஏருக்குப் பின்னால் நடந்தவர், மகனோ ஆள் உயரத்தில் உட்கார்ந்து உழுதார். இது சிலருக்குச் செரிக்கவில்லை.

எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய் அப்போது பர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். முதல் டின் ஒரு மாதம் வந்தது. அடுத்த டின் பதினைந்து நாள்கூட வரவில்லை. டிராக்டர் ஓடினால் பின்னால் நீலப் புகை சுருள் சுருளாகக் கிளம்பியது. ஊரில் பேச்சு எழுந்தது: டிரைவர் எண்ணெயைச் சங்ககிரி லாரிக்காரர்களுக்கு விற்கிறார்.

பெரியப்பா இதை நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். விடிகாலையில் டிரைவர் வருவதற்கு முன்னால் அவர் ஒரு செம்பில் விளக்கெண்ணெய் கொண்டுபோய் எஞ்சினில் ஊற்றிவந்தார். ஆகாய விமானத்துக்கே அதுதான் ஊற்றுகிறார்கள் என்று சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேறு எந்த எண்ணெயும் ஆகாது என்று டிரைவர் முதல் நாளே சொல்லியிருந்ததால், அவருக்குத் தெரியாமல் செய்தார். ஒருநாள் நான் பார்த்துவிட்டு, “டிராக்டருக்குமா பெரியப்பா?” என்று கேட்டேன்.

“ஆமா அம்மணி. அதுக்கும் வவுறு செரியில்லீங்குது” என்றார்.

நான் அப்படியே நம்பினேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவார்கள். டிராக்டர்மேல் எனக்கு இரக்கம் உண்டானது.

தான் ஊற்றியும் எண்ணெய் குறைகிறது என்றால் யாரோ எடுக்கத்தான் செய்கிறார்கள். பெரியப்பாவின் கணக்கு அது. ஒரு காலையில் களத்தில் ஆட்கள் எல்லாரும் கூடியிருக்கும்போதே கேட்டுவிட்டார்.

“டின்னு டின்னா எங்கப்பா போவுது எண்ணெய்?”

டிரைவர் முகம் இறுகிவிட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்: “பண்ணாடி, இன்னிக்கி எண்ணெய நீங்களே அளவா ஊத்துங்க. மூடிக்கு அரக்கு வெச்சு முத்திரையும் போட்டுருங்க. நா தொடவே மாட்டனுங்க. பொழுதெறங்க நீங்களே தொறந்து பாருங்க. கொறையாம இருந்தா, நா ஊர உட்டே போயிர்றனுங்க.”

பெரியப்பா தன் கையால் டின் எண்ணெயை ஊற்றி, அரக்கை உருக்கி, மோதிரத்தால் முத்திரை வைத்தார். அதோடு விடவில்லை. குடையை விரித்துக்கொண்டு உழவு நெடுகிலும் டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்தார். நானும் கொஞ்ச தூரம் ஓடிப்பார்த்து, கால் சுட்டதால் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டேன். அவர் நிற்கவில்லை. புகை அவர் முகத்திலேயே அடித்தது. மத்தியானம் சோற்றுக்கு வந்தபோது வேட்டியெல்லாம் புழுதி. தோளில் கிடந்த புகை ஏறிய துண்டை எடுத்து எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய முத்திரையை உடைத்தார்கள். எஞ்சினுக்குள் விட்டு எடுத்த அளவுக் கம்பியின் அடி நுனியில்தான் எண்ணெய் ஒட்டியிருந்தது.

மறுநாள் டிரைவர் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டனை வெளியே எடுத்து ஒரு சாக்கின்மேல் வைத்தார். அதைச் சுற்றியிருந்த இரும்பு வளையங்களை அவர் ரிங் என்றார். அவை தளர்வாக அசைய வேண்டுமாம், அப்போதுதான் எண்ணெயை வழித்துக் கீழே தள்ளுமாம். இங்கோ அரக்கு மாதிரி கருப்பாக ஏதோ இறுகி, ரிங் எல்லாம் பள்ளத்தோடு ஒட்டிப்போயிருந்தன. எண்ணெய் மேலே ஏறிப் புகையாய்ப் போயிருக்கிறது. டிரைவர் அந்தக் கருப்பைச் சுரண்டி விரலில் வைத்து நசுக்கினார். ஒருமுறை மோந்தார். பெரியப்பாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பழைய மிசினுங்க. வயசாயிருச்சு, அதான்” என்று மட்டும் சொன்னார். சீமெண்ணெயில் ஊறப்போட்டுச் சுரண்டினால் சரியாகிவிடும் என்றார்.

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். பெரியப்பா தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவரோ முந்தின நாள் குற்றம் சொன்ன அதே களத்தில், அதே ஆட்கள் நடுவில், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“மிசினுக்கு வயசாவுலப்பா. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு. நாந்தான் தெனமும் வெளக்கெண்ணெய ஊத்துனேன். ஊத்திப்போட்டு உன்னையத் திருடன்னும் சொன்னேன். நீ மனசுல வெச்சுக்காத.”

ஒரு பெரியவர் செருமினார். இன்னொருவர் எதையோ தேடுவதுபோல மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் நகர்ந்தார். டிரைவர் சீமெண்ணெய்த் தட்டத்தின்மேல் குனிந்து ரிங்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின. புறங்கையால் கண்ணைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

சீமெண்ணெய் கண்ணில் தெறித்துவிட்டது என்று நினைத்தேன். அது எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் இத்தனை பேர் சும்மா நிற்கிறார்களே என்று கோபமாக வந்தது. ஓடிப்போய்த் தொட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்து நீட்டினேன்.

“கண்ணக் கழுவுங்க, செரியாப் போயிரும்” என்றேன்.

“ஆமாங்க அம்மணி” என்று வாங்கிக்கொண்டார். நெடுநேரம் கழுவினார்.