வெள்ளிமலை பஸ்ஸில் போன பை

சகோதர சகோதரிகளே, என் அவசரப் புத்தியால் ஒரு பிள்ளையின் ஊழியமே முடிந்துபோக இருந்தது. பரலோகப் பிதா எப்படிக் காப்பாற்றினார் என்று சொல்லாமல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. களமருதூர்ப் பெண். மார்மன் சபையில் மிஷனரியாக ஊழியம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் மிஷனரிகள் எப்போதும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும், ஒருவர் கண்ணைவிட்டு ஒருவர் விலகக் கூடாது. எனக்குப் புதிதாகக் கிடைத்த துணை சிஸ்டர் ரேயெஸ். பிலிப்பைன்ஸிலிருந்து வந்து ஐந்தே நாள். தமிழில் 'வணக்கம்', 'போதும்' இரண்டும்தான் தெரியும். நானோ படபடவென்று பேசுகிறவள். அவளோடு தெருவில் நடந்தால் ஊரே எங்களை வேடிக்கை பார்க்கும். எனக்கு ஒரே எரிச்சல். மறைக்காமல் சொல்கிறேன், மூன்று நாள் முழங்காலில் நின்று, 'ஆண்டவரே, இவளை வேறு எங்காவது அனுப்பிவிடும்' என்று ஜெபித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கச்சிராயபாளையத்தில் ஒரு விசுவாசியின் வீட்டுக்குப் போகக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். பயங்கரக் கூட்டம். பஸ் உள்ளே நுழையும்போதே ஜனங்கள் ஜன்னல் வழியாகத் துண்டையும் கர்ச்சீப்பையும் போட்டு சீட்டுப் பிடித்தார்கள். "நீயும் எதையாவது போடு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தேன். அவள் தோளில் இருந்த பையைக் கழற்றி அப்படியே உள்ளே போட்டாள். அதுவும் பக்கத்தில் நின்ற வெள்ளிமலை பஸ்ஸில். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அது கிளம்பிவிட்டது.

பைக்குள் அவளுடைய பாஸ்போர்ட். அது தொலைந்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அவள் அழவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டது நடக்கப்போகிறது.

செல்போன் இல்லாத காலம். வெள்ளிமலை பஸ்ஸும் கச்சிராயபாளையம் வழியாகத்தான் மலை ஏறும். ஆனால் அங்கே ஐந்து நிமிஷம்கூட நிற்காது. நாங்கள் ஏறிய டவுன் பஸ்ஸோ கை காட்டின இடமெல்லாம் நின்றது. கம்பியைப் பிடித்தபடியே கண்ணை மூடினேன். 'பிதாவே, நான் கேட்டது தப்பு. இவள் என்னோடேயே இருக்கட்டும். அந்தப் பஸ்ஸை நிறுத்தி வையும்.' திரும்பத் திரும்ப இதையே சொன்னேன்.

கச்சிராயபாளையத்தில் இறங்கினால், வெள்ளிமலை பஸ் நின்றுகொண்டிருக்கிறது. ஓடினோம். உள்ளே ஒரே சண்டை. அங்கே ஏறிய ஒருவர் பை கிடந்த சீட்டில் உட்காரப் போயிருக்கிறார். மலைக்காரப் பெண்மணி ஒருவர் குறுக்கே நின்று விடவில்லை.

"பை போட்டவங்க வந்துக்கினு இருப்பாங்க. யாரும் குந்தக் கூடாது."

"இன்னாம்மா, கள்ளக்குறிச்சிலருந்து சீட்டு காலியாவே வருது. ஆளு எங்க?" என்றார் கண்டக்டர்.

"ஆளு இல்லாம பை எப்டி வரும்? நீ வண்டிய நிறுத்து."

பாதி பஸ் அவர் கட்சி, பாதி பஸ் எதிர்க்கட்சி. டிரைவர் இறங்கி டீ குடிக்கவே போய்விட்டார். இருபது நிமிஷமாக இதே கூத்து.

நான் மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா பையை எடுத்து சிஸ்டர் ரேயெஸ் கையில் கொடுத்தார். ஜிப்பைக்கூட யாரும் திறக்கவில்லை. பாஸ்போர்ட் பத்திரமாக இருந்தது. அந்த அம்மா அவ்வளவு தூரமும் நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

"நீங்களாவது உக்காந்திருக்கலாமேம்மா" என்றேன்.

"இன்னொருத்தர் புடிச்ச சீட்டுல எப்டிம்மா குந்துறது?" என்றார்.

பஸ் போனதும் ரோட்டோரத்திலேயே தலை குனிந்து நன்றி சொன்னோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வேகத்தில் உண்மையையும் சொல்லிவிட்டேன். உன்னை அனுப்பிவிடச் சொல்லி மூன்று நாள் ஜெபித்தேன் என்று. கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என்னைக் காட்டி, நான்கு விரலை நீட்டினாள். என்னிடமிருந்து தப்புவிக்கச் சொல்லி அவள் நான்கு நாள் ஜெபித்திருக்கிறாள்.

அதன் பிறகு ஐந்து மாதம் ஒன்றாக ஊழியம் செய்தோம். நிறுத்திப் பேசக் கற்றுக்கொண்டேன். அவள் என்னைவிட வேகமாகத் தமிழ் பேசினாள். யார்மேலாவது எரிச்சல் வந்தால் இப்போதெல்லாம் அவருக்காகத்தான் முதலில் ஜெபிக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருக்கிறாரா? அவரை அனுப்பிவிடச் சொல்லி ஏற்கெனவே கேட்டுவிட்டீர்களா? வெட்கப்படாமல் திரும்பப் போய் மாற்றிக் கேளுங்கள். நம் பிதா கேட்பார். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.